தேயிலைத் தண்ணீரும் ஐந்தாவது ஆட்டக்காரியும்

எனக்குக் காய்ச்சல் வரவே வராது என்று விளையாட்டு மைதானத்தில் எல்லோர் முன்னிலையிலும் அடித்துச் சொன்னேன். அது ஒரு வியாழக்கிழமை. அடுத்த திங்கட்கிழமை காலை பாயிலிருந்து எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள் கிடந்த கதையை இங்கிருந்துதான் தொடங்கவேண்டும். நிமோனியா என்னைப் படுத்தியதைவிட என் வாய் என்னைப் படுத்தியதுதான் அதிகம்.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் எங்கள் பெண்கள் பள்ளியின் பூப்பந்துக் குழுவுக்கு நான் கேப்டன். பெயர் பிலோமினா, கூப்பிடுவது பிலோமி, வயது பதினாறு, வாய்க்கு வயது அறுபது. கம்பளிப் பந்து வைத்து ஆடும் பூப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் இறங்கவேண்டும். ஐந்து இல்லை என்றால் ஆட்டமே இல்லை, எதிர்ப்பக்கம் சும்மா நின்றே ஜெயித்துவிடும். நாங்கள் மொத்தம் ஏழு பேர். அந்த ஆண்டுதான் எங்கள் பள்ளி முதன்முதலாக மாவட்ட இறுதி ஆட்டத்துக்குத் தேறியிருந்தது. பாளையங்கோட்டையில், ஒரு சனிக்கிழமை பகல் ஆட்டம். ஜெயித்தால் மறுமாதம் மாநில ஆட்டம். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டை மாதிரி பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். அம்மா தட்டைப் பிடுங்கி வைத்தாள்.

ஐப்பசி மழையோடு ஊரில் காய்ச்சல் வந்தது. பள்ளி விடுதியில் முதலில் இரண்டு பேர் படுத்தார்கள், பிறகு ஒரு வரிசையே படுத்தது. தொண்டை கரகரப்பு, உடம்பெல்லாம் வலி, மூன்று நாள் நெருப்பாய்க் கொதிக்கும். டாக்டர்கள் அதை இன்ஃபுளுயன்ஸா என்றார்கள், நாங்கள் ஃப்ளூ என்றோம். ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அப்போதுதான் அப்பா அந்தத் தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அப்பாவுக்கு வேலை கப்பலில் ஏறும் இறங்கும் சரக்கைக் குறித்துக்கொள்வது. டாலி கிளார்க் என்பார்கள். கப்பல்கள் வெளியே ஆழக் கடலில் நிற்கும், சரக்கு தோணியில் போகும், அப்பா லாஞ்சு என்னும் மோட்டார் படகில் போவார். உப்பு ஏற்ற வந்த ஒரு ஜப்பான் கப்பலில், காலையில் ஆட்கள் எல்லாம் மேல்தளத்தில் நின்று தொண்டையைக் கொப்பளிப்பதைப் பார்த்திருக்கிறார். என்னவென்று கேட்டதும் கப்பல் சமையல்காரர் கையையும் காலையும் ஆட்டி விளக்கியிருக்கிறார். பச்சைத் தேயிலைத் தண்ணீர், தினமும் கொப்பளித்தால் குளிர்காலத்துக் காய்ச்சல் அண்டாது. விளக்கியதோடு நிற்காமல் ஒரு டப்பாவையும் கையில் கொடுத்துவிட்டார்.

அம்மா டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "இது என்ன, மருதாணியைக் காயவச்சுக் குடுத்துட்டானா?" என்றாள்.

"டீளா. ஜப்பான் டீ."

"பால் ஊத்தலாமா?"

"குடிக்கதுக்கு இல்ல. கொப்பளிச்சுத் துப்பணும்."

"கப்பல்ல கெடைக்க டீயைத் துப்பவா கொண்டாந்தீரு?" என்று அம்மா எழுந்து போய்விட்டாள்.

எனக்கு அந்த டப்பா சாமி கொடுத்த வரமாகப் பட்டது. மறுநாளே பள்ளிக்குக் கொண்டுபோனேன். விடுதிச் சமையற்கட்டில் வெந்நீர் போட்டு, இலையை ஊறவைத்து, வடிகட்டி, பெரிய சொம்பில் ஊற்றினோம். மைதானத்துக்குப் பின்னால் கல்தொட்டி ஒன்று உண்டு. அதைச் சுற்றி வட்டமாக நின்றோம். ஒருத்தி சொம்பைத் தூக்கிப் பிடிப்பாள், மற்றவர்கள் அண்ணாந்து வாயைத் திறப்போம், உதடு படாமல் ஊற்றுவாள். எச்சில் படாமல் பார்த்துக்கொள்வதில் நான் ரொம்பக் கறார். சொம்பின் விளிம்பு யார் உதட்டிலாவது பட்டால் அதைச் சாம்பல் போட்டுத் தேய்க்கவைத்தேன்.

பிறகு தொடங்கும் கச்சேரி. எதிரெதிரே நின்று, தொண்டையில் தண்ணீரை நிறுத்தி, யார் அதிக நேரம் கடகடவென்று சத்தம் எழுப்புகிறார்கள் என்று போட்டி. முதலில் சிரித்தவள் தோற்றவள். தினமும் யாராவது சிரித்துவிடுவார்கள், தேயிலைத் தண்ணீர் எதிரே நிற்பவள் முகத்தில் தெறிக்கும். அதற்கும் ஒரு சிரிப்பு. விடுதியில் மூக்கொழுகிய இரண்டு பெண்களையும் இரக்கப்பட்டு வட்டத்தில் சேர்த்துக்கொண்டேன். அவர்களுக்குத்தானே முதலில் தேவை.

சாந்தா மட்டும் சேரவில்லை. எங்கள் குழுவில் பின்வரிசை ஆட்டக்காரி, அதிகம் பேசமாட்டாள், அவள் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. "இத்தனை பேரு மூஞ்சிக்கு முன்னால துப்புறது எனக்குப் பிடிக்கல. நான் வீட்டுல தனியா உப்புத் தண்ணியில கொப்பளிக்கேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஜப்பான்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ? உப்பளத்துக்காரன் மகளுக்கு உப்பைத் தவிர வேற என்ன தெரியும்" என்றேன். மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். சிலர் சிரித்தார்கள். கூட்டத்தோடு ஒட்டாதவள் குழுவில் எதற்கு என்று விளையாட்டு டீச்சரிடம் பேசி அவள் பெயரை அடிக்கவும் வைத்தேன். சாந்தா மட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் காய்ச்சல் வராது என்று நான் அறிவித்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காய்ச்சல். செவ்வாய், புதன் கொதிப்பு. புதன் மாலை கொஞ்சம் தணிந்தது. அடடா, தப்பித்தோம் என்று எழுந்து உட்கார்ந்தேன். வியாழக்கிழமை குளிர் தூக்கிப் போட்டது. மூச்சை இழுத்தால் வலது விலாவில் ஊசி குத்தியது. இருமினால் செங்கல் நிறத்தில் சளி. அதைப் பார்த்த அப்பா என்னைக் கையில் தூக்கிக்கொண்டே தெருவுக்கு ஓடினார், செருப்புகூடப் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் பெஞ்சில் இரண்டு மணி நேரம். எனக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததன் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இருவரும் டி.பி. என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் டி.பி.யில் போய்ச்சேர்ந்தவர்கள் இரண்டு பேர்.

எக்ஸ்ரே எடுக்கும் இருட்டறையில், குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். எனக்கு இழுக்கவே வரவில்லை, பிடிப்பது எங்கே. மூன்று முறை எடுத்தார்கள். படத்தில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு. காற்று இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியவேண்டும், வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே காற்றில்லை, வேறு ஏதோ அடைத்திருக்கிறது என்று லேடி டாக்டர் விளக்கினார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, நோயாளியிடம் எதையும் மறைக்கமாட்டார். டி.பி.யா இல்லையா என்று தெரிய, மூன்று நாள் தொடர்ந்து காலைச் சளியை ஒரு சின்ன டப்பாவில் துப்பிக் கொடுக்கவேண்டும். அதுவரை பென்சிலின் ஊசி. முதலில் முன்கையில் ஒரு துளி போட்டு, தடிக்கிறதா என்று பார்ப்பார்கள். தடிக்கவில்லை என்றால் இடுப்பில், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம். மூன்றாம் நாள் எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பது என்றே தெரியவில்லை.

அந்த மூன்று நாளும் நான் பயந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். செத்துவிடுவேன் என்று பயப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை விளையாட முடியாதே என்றுதான் பயந்தேன். பதினாறு வயது புத்தி அவ்வளவுதான்.

அம்மா இடத்தை விட்டு அசையவில்லை. என்னிடம் கோபமும் படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அப்பா வேலை முடிந்து, உப்புக் காற்று படிந்த காக்கிச் சட்டையோடு நேரே வருவார். சோறு இறங்காத தொண்டைக்கு எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் வாங்கிவருவார். ஒன்றை உடைத்து நாக்கில் வைப்பார், அது தானாகக் கரையும். "நான் கொண்டாந்த டப்பாதானே உன்னை இங்கன கொண்டுவந்துட்டு" என்று ஒருநாள் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லப்பா, ஞாயித்துக்கெழமை கொப்பளிக்க மறந்துட்டேன். அதான்" என்றேன். நான் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன்.

மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டிலுக்கு ஜெபாவைக் கொண்டுவந்தார்கள். சாத்தான்குளத்துப் பெண், என் முன்வரிசைத் துணை. அவளுக்கும் அதே காய்ச்சல், அதே நெஞ்சு வலி. சாந்தா போனபின் ஆறு, என்னைக் கழித்தால் ஐந்து, ஜெபாவும் வந்துவிட்டாளே, இனி நான்கு. அவளை எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் முன்பே கணக்குப் போட்டுவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"நீ விழுந்த பொறவு டீச்சர் காலையில ரெண்டு தடவ, சாயங்காலம் ரெண்டு தடவன்னு ஆக்கிட்டாங்க" என்று ஜெபா மூச்சு வாங்கச் சொன்னாள். "இப்ப விடுதியே கொப்பளிக்கி. உனக்காகத்தான்."

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நல்ல பிள்ளைகள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை சளிப் பரிசோதனை முடிவு வந்தது. டி.பி. இல்லை. ஃப்ளூ முதலில் உடம்பைத் தளர்த்திப் போட, திறந்த வீட்டில் திருடன் நுழைவதுபோல வேறு கிருமி நுழைந்து, நுரையீரலின் சின்னச் சின்ன காற்றறைகளைச் சளியால் நிரப்பிவிட்டது. அதற்குப் பெயர் நிமோனியா. ஊசிக்குக் கேட்கிறது, பிழைத்துக்கொள்வாய் என்றார் டாக்டர். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அவள் அழுத சத்தம் உள்ளே வரை கேட்டது.

"ஒரே டீம்ல ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்துல. எங்க பிடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஜப்பான் கப்பல், பச்சைத் தேயிலை, கல்தொட்டி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே விட்டார். "நல்லா இருக்கே. எப்படிச் செய்வீங்க, ரெண்டு பேரும் காட்டுங்க" என்றார்.

ஜெபாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அம்மா ஆளுக்கொரு மடக்கு தண்ணீரை அண்ணாந்த வாயில் ஊற்றினாள். கடகட. காய்ச்சல் உடம்போடும் எங்களுக்குப் போட்டி வந்துவிட்டது. ஜெபா ஒரு கண்ணைச் சிமிட்டினாள், நான் சிரித்தேன், புரையேறி இருமினேன். நடுவில் டாக்டர்.

டாக்டர் எழுந்திருக்கவில்லை, திட்டவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகத் துளிகள்.

"சொம்புல யாரும் வாய் வைக்கல டாக்டர்" என்றேன் அவசரமாக. "எச்சிலே படல. நான் சத்தியமா பாத்துக்கிட்டேன்."

"சொம்புல படல. என் கண்ணாடியில பட்டிருக்கே" என்றார் டாக்டர். "ஃப்ளூ போறது சொம்பு வழியா மட்டும் இல்லம்மா. இந்தத் துளி வழியா. இருமினா, தும்மினா, பக்கத்துல நின்னு சிரிச்சாக்கூடப் போகும். தேயிலைத் தண்ணி நல்லதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தனியா நின்னு கொப்பளிச்சா கெடுதல் இல்லை. மூக்கொழுகுற பிள்ளைங்களை நடுவுல நிறுத்தி எல்லாரும் வட்டமா நின்னீங்க பாரு, அது காய்ச்சலுக்குப் பந்தி வச்ச மாதிரி."

வட்டம் யார் போட்டது? நான். மூக்கொழுகியவர்களை அழைத்தது? நான். சாந்தா சொன்னது அப்படியே டாக்டர் வாயிலிருந்து வந்துவிட்டது. ஜெபா என்னைப் பார்த்தாள், நான் போர்வையைப் பார்த்தேன். அந்த நேரத்தில்கூட பள்ளியில் நான்கு பேரும் கல்தொட்டியைச் சுற்றி, எனக்காக, இரட்டிப்பாகக் கொப்பளித்துக்கொண்டிருப்பார்கள். ஆட்டத்துக்கு ஐந்தே நாள். அந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் சாந்தாவைச் சேர்த்தும் ஐந்து வராது. சாந்தாவை நான்தான் துரத்தியிருந்தேன்.

அப்பா வந்ததும் காகிதம் கேட்டேன். அவர் பையில் இருந்தது டாலி ஷீட் மட்டும்தான். அதன் பின்பக்கத்தில் படுத்தபடியே எழுதினேன். கூடி நின்று கொப்பளிப்பதை இன்றோடு நிறுத்துங்கள், காய்ச்சலைப் பரப்பியது என் வட்டம்தான், சாந்தா சொன்னது சரி, அவளைத் திரும்பச் சேருங்கள். எழுத்து கோழி கிளறியது போல இருந்தது.

"நாளைக்கு லாஞ்சுக்குப் போறதுக்கு முன்னாடி நானே போயிச் சொல்லுதேன்" என்றார் அப்பா. சொன்னபடி செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்குப் போய், டீச்சர் கடிதத்தை எல்லோர் முன்னும் படித்து முடிக்கும் வரை நின்றிருக்கிறார். அன்று லாஞ்சைத் தவறவிட்டு அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை அம்மாதான் பிறகு சொன்னாள்.

புதன்கிழமை பார்வையாளர் நேரத்தில் வார்டு வாசலில் சாந்தா நின்றாள். உள்ளே வரவில்லை. தாவணி முனையை மூக்கில் பொத்தியிருந்தாள், மறு கையில் என் கடிதம்.

"ஏளா பிலோமி, படிச்சேன்" என்றாள். "டீயைப் பத்தி முழுப் பக்கம் இருக்கு. எங்க அப்பாவைப் பத்தி ஒரு வரிகூட இல்ல."

வார்டில் பன்னிரண்டு கட்டில். எல்லாத் தலையும் திரும்பியது. டீயைப் பற்றித் தப்பை ஒப்புக்கொள்வது எனக்குக் கஷ்டமாக இல்லை, ஜப்பான்காரன் மேல் பாதியைப் போட்டுவிடலாம். இது முழுக்க என்னுடையது.

"உப்பளத்துக்காரன் மகளுக்கு உப்பைத் தவிர என்ன தெரியும்னு சொன்னேன்" என்றேன். "உங்க அப்பாவை இழுத்திருக்கக் கூடாது. தப்பு. மன்னிச்சிரு."

"சத்தமா சொல்லு. அன்னைக்குச் சத்தமாத்தானே சொன்ன."

எழுந்து உட்கார்ந்து, தலையணையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, விலா வலிக்க வலிக்கச் சத்தமாகச் சொன்னேன். முடித்ததும் இருமல் பிடித்து உலுக்கியது. சிஸ்டர் ஓடிவந்து, யார் இந்தப் பிள்ளையைக் கத்தவிட்டது என்று அம்மாவைத் திட்டினார். அம்மா, "கத்தட்டும் சிஸ்டர்" என்றாள்.

சாந்தா கடிதத்தை மடித்தாள். "விளையாடுதேன். உனக்காக இல்ல. ஆறு மாசம் வெயில்ல நானுந்தான் ஓடியிருக்கேன்."

"நீயே கேப்டனா இருந்துக்க. டீச்சர்ட்ட சொல்லி அனுப்புதேன்" என்றேன். அவள் மடித்த கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு வந்த மூன்று நாள்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானவை. ஃப்ளூ உள்ளே புகுந்து இரண்டு மூன்று நாளில் தலைகாட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செவ்வாய் காலை வரைக்கும் அவர்கள் கூடிக் கொப்பளித்திருப்பார்கள். வியாழன், வெள்ளி தாண்டவேண்டும். தினமும் மாலையில் அப்பா பள்ளி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, வார்டு வாசலிலேயே நின்று கையை உயர்த்தி ஐந்து விரலைக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கஞ்சி இறங்கும். கட்டில் காலில் தொங்கிய காய்ச்சல் அட்டையில் என் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு விரலை நீட்டி, ஐந்தாவதைப் பாதி மடக்கினார்.

"யாருக்கு?" என்று நானும் ஜெபாவும் ஒரே நேரத்தில் கேட்டோம். அடுத்த கட்டில் அம்மாளும் கேட்டாள். அதற்குள் வார்டு முழுக்க எங்கள் குழுவில் சேர்ந்திருந்தது.

"விடுதியில இருக்கவ ஒருத்தி மூணு தும்மல் போட்டாளாம். டீச்சர் நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க, சூடு இல்ல. சமையக்கட்டுல மிளகா வறுத்துட்டு இருந்தாங்க, எனக்கே தும்மல் வந்துட்டு" என்றார். பிறகு யோசித்து, மடக்கிய விரலை நிமிர்த்தினார்.

சனிக்கிழமை காலை அவர்கள் பஸ் ஏறியதாகச் சேதி வந்தது. ஐந்து பேரும். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மதியம் ஜெபா கண்ணை மூடிக்கொண்டு, இப்போது சர்வீஸ் போடுவார்கள், இப்போது பக்கம் மாறுவார்கள் என்று தானாகவே ஓர் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தாள். அவள் ஆட்டத்தில் நாங்கள் இரண்டு முறை ஜெயித்தோம். டாக்டர் சுற்றுக்கு வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்து, இது காய்ச்சல் நாடி இல்லையே, என்ன சமாச்சாரம் என்றார். சொன்னேன். அவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிந்து வாசலைச் சாத்திவிட்டார்கள். அப்பாகூட வெளியேதான். அப்போது கீழே முற்றத்திலிருந்து என் பெயர் கேட்டது. ஒரு குரல் இல்லை, பல குரல். சிஸ்டர் என்னைப் பார்த்தார், தடுக்கவில்லை. கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன். பத்து நாளில் முதல் முறையாக யார் கையையும் பிடிக்காமல் நடந்தேன். தரை ஆடியது. ஜன்னல் கம்பியைப் பிடித்ததும்தான் நின்றது.

கீழே ஐந்து பேர், புழுதிப் பாவாடையும் மட்டையுமாக. டீச்சர் கையில் துணி சுற்றிய ஏதோ ஒன்று. சாந்தா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"ஜெயிச்சிட்டோம்ளா" என்றாள். "மூணாவது கேம்ல, ரெண்டே பாயிண்டுல."

ஜெபா கட்டிலிலிருந்தே ஊளையிட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் இருண்டது, அதோடு பொறாமையும் இருந்தது, இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்தது. கம்பியில் நெற்றியை வைத்து அழுதேன்.

"அழாத. இன்னொண்ணு கேளு" என்றாள் சாந்தா. "ஸ்கோர் ஷீட்ல கேப்டன்னு போட்டிருந்த எடத்துல உன் பேரைத்தான் எழுதினேன். ஆளைக் காணுமேன்னு அம்பயர் கேட்டாரு. ஆஸ்பத்திரியில இருக்கா, வந்துருவான்னு சொன்னேன்."

ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்று கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டி வாயைத் திறந்தேன். வந்தது இருமல்தான், அடக்கவே முடியாத இருமல்.

சாந்தா தாவணியை மூக்கில் பொத்திக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள்.

"அந்தப் பக்கம் திரும்பி இருமுளா" என்றாள். "அடுத்த மாசம் உன்கூட விளையாடணும்."